சாவி சட்டைப்பையில்தான் இருந்தது

கொட்டகைக் கதவைத் தள்ளியதும் எழுந்த கிறீச் சத்தத்தில், கூரைப் புறாக்கள் அத்தனையும் அடுத்த நாட்டுக்கே குடிபோயிருக்கும். உள்ளே பெட்ரோல் வாடை, ஈரச் சிமெண்ட் வாடை. நடுவில், இரண்டே பேர் உட்காரும் குட்டி விமானம்.

மத்தியான வெயிலிலிருந்து உள்ளே வந்த மெக்கானிக் பெண்ணுக்கு வேலையில் அன்றுதான் முதல் நாள். சேர்த்துவிட்டவர் அக்கா புருஷன். அந்த விமானத்தின் பைலட்.

"அத்தான், முன்னாடி இருந்த மெக்கானிக் எங்கே?"

"ப்ரொப்பெல்லர் அடிச்சுச் செத்துப் போயிட்டார். இதே இடத்துலதான்." கதவோர நாற்காலியில் உட்கார்ந்து டீயை உறிஞ்சினார் அத்தான். "பயப்படாதே, தங்கமான மனுஷன்."

அத்தானை நம்பக் கூடாது. அக்கா தலையணைக்கடியில் ரப்பர் பல்லி வைத்த ஆள்.

டூல்ஸ் பெட்டியை ப்ரொப்பெல்லருக்கு அடியில் வைத்துவிட்டு, துடைக்கத் துணி எடுக்கப் போனாள். திரும்பினால் பெட்டி சுவரோரம் இருந்தது.

"விளையாடாதீங்க அத்தான்."

"நான் எழுந்திருக்கவே இல்லையே!"

மறுபடி வைத்தாள். குனிந்தபடி ஓரக்கண்ணால் அவரையே வேவு பார்த்தாள். மனிதர் பச்சைக் குழந்தை மாதிரி டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

சர்ர்ர்...

பெட்டி சுவரோரம்.

கயிறு கட்டியிருக்கிறாரோ? தடவிப் பார்த்தாள். கயிறு இல்லை. இருக்கட்டும், அக்காவிடம் சாயங்காலம் கச்சேரி வைத்துக்கொள்ளலாம்.

என்ஜின் மூடியைக் கழற்ற ப்ரொப்பெல்லர் இடைஞ்சலாக நின்றது. கையால் கொஞ்சம் திருப்பிவிட்டால் ஆயிற்று. என்ஜின் சாவிதான் அவள் சட்டைப்பையில் இருக்கிறதே, என்ஜின் என்ன செய்துவிடும்?

இரண்டு கையாலும் பிடித்தாள்.

பின்கழுத்து சில்லிட்டது.

கிரீஸ் வாடை. காதருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

"தள்ளிப் போங்க அத்தான்..." என்று முணுமுணுத்தபடியே ப்ரொப்பெல்லரை இழுத்தாள்.

காலரைப் பிடித்து யாரோ பின்னால் சுண்டி இழுத்தார்கள்.

மல்லாந்து விழுந்தாள். படார்! என்ஜின் ஒருமுறை இருமியது. ப்ரொப்பெல்லர் தானாக ஒரு சுற்று சுற்றி நின்றது, அவள் தலை இருந்த இடத்தைச் சீவிக்கொண்டு.

கீழே கிடந்தபடி பார்த்தாள். மூடியின் இடுக்கில் சுவிட்ச் வயர் அறுந்து தொங்கியது. அது அறுந்துவிட்டால், சாவியை எடுத்தாலும் என்ஜினுக்கு உயிர் போகாது; ப்ரொப்பெல்லரைக் கையால் திருப்பினாலே பற்றிக்கொள்ளும்.

"உசிரைக் காப்பாத்திட்டீங்க அத்தான்."

"யாரு, நானா?"

குரல் நாற்பதடிக்கு அப்பால், கதவோர நாற்காலியிலிருந்து வந்தது. அவர் கையிலிருந்த டீ ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.

"ஐயோ, அடிபட்டுச்சாம்மா?" டம்ளரை எறிந்துவிட்டு ஓடிவந்தார். பதற்றத்தில் நேராக ப்ரொப்பெல்லரை நோக்கியே வந்தார்.

"வராதீங்க! தொட்டா மறுபடி சுத்தும்!"

அவர் காதில் விழவில்லை. ஓடினார். ஓடிக்கொண்டே இருந்தார். பூட்ஸ் சிமெண்டில் தேய்ந்து ரப்பர் கருகும் வாடை வந்தது.

யாரோ பிடித்தாற்போல அவர் சட்டைக் காலர் பின்பக்கமாக விறைத்து நின்றது. ப்ரொப்பெல்லரை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், ஓரடிகூட அவர் முன்னால் நகரவில்லை.