முதல் நான்கும் கடைசி நான்கும்

ரவுட்டருக்குள் ஏற்றிய புதிய மென்பொருள் கோப்பு, தயாரித்தவர்கள் பக்கத்தில் போட்டிருந்த அளவைவிடக் கொஞ்சம் பெருத்திருந்தது. "ஞாயித்துக்கிழமை சாப்பாடு, எனக்கும் அப்படித்தான்" என்று தொப்பையைத் தட்டிக்கொண்டார் நெட்வொர்க்காரர். கோப்பு கெடாமல் வந்ததா என்று பார்க்க முப்பத்திரண்டு எழுத்துச் சரிபார்ப்புக் குறியீடு உண்டு. முதல் நான்கு பொருந்தியது. கடைசி நான்கும் பொருந்தியது. நடுவில் இருப்பதை இந்தத் தொழிலில் எவன் படிக்கிறான்? இடம் போதவில்லையென்று பழைய கோப்பையும் அழித்துவிட்டார்.

மூன்றரைக்கு வீட்டில் இருக்க வேண்டும். மகளுக்குச் சைக்கிள் பழக்குவதாக வாக்கு. போன இரண்டு ஞாயிறையும் அலுவலகத்தின் இந்த சர்வர் அறை விழுங்கிவிட்டது. "இன்னைக்கும் வரலைன்னா அங்கேயே படுத்துக்கோங்க" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

ரீபூட் கொடுத்தார். அலறிக்கொண்டிருந்த விசிறிகள் பெருமூச்சாகித் தணிய, குளிரூட்டியின் ஈர வாடையும் சூடேறிய பிளாஸ்டிக் வாடையும் கலந்து தொண்டையில் இறங்கியபோதுதான், அறைக்கதவின் பூட்டும் இதே ரவுட்டர் வழியாகத்தான் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் என்பது உறைத்தது. உள்ளிருந்து திறக்கும் பொத்தான் உடைந்து ஒரு மாதம். புகார் எழுத வேண்டியவரும் அவரே.

ரவுட்டர் எழுந்தது. அட்டையைக் காட்டினார். சிவப்பு. மடிக்கணினித் திரையில் கதவின் பதிவு ஓடியது: அட்டை ஏற்கப்பட்டது. ஒருவர் வெளியேறினார். அறை காலி.

அட்டை கழுத்தில் தொங்கியது. கதவு அசையவே இல்லை.

விளக்கு அணைந்தது. ஆளைக் கண்டால் எரியும் விளக்கு. கையை ஆட்டினார். குதித்தார். எரியவில்லை. குளிரூட்டியும் நின்றது. கைபேசியில் சிக்னல் இல்லை. கதவைக் குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார்.

மூன்றரைக்கு, ரவுட்டர் வழியாக இயங்கும் சுவர்த் தொலைபேசிக்கு உயிர் வந்து வெளிச்சம் காட்டியது. ஒரு கையால் மனைவியின் எண்ணை அழுத்தினார். மறு கை கதவைத் தட்டியபடி இருந்தது.

"நான்தாம்மா. உள்ள மாட்டிக்கிட்டேன். வாட்ச்மேனுக்குச் சொல்லு!"

"ஹலோ? யாருங்க?"

அவளுக்குப் பின்னால் மகளின் சிரிப்பு. "அப்பா, விட்டுடாதீங்க!"

"விடமாட்டேன்டா கண்ணு."

அவருடைய குரல். மூச்சிரைப்புகூட அவருடையது. அது நெருங்கி வந்தது. "யாரு?"

"தெரியலங்க. யாரோ எதையோ தட்டிக்கிட்டே இருக்காங்க."

"குடு."

ஃபோன் கை மாறியது. பிறகு அந்தக் குரல், அவர் மகளைத் தூங்கவைக்கும்போது பேசுகிற அதே தணிவில் சொன்னது:

"சத்தம் போடாதீங்க சார். பாப்பா இப்பதான் பேலன்ஸ் பிடிக்கிறா."

இருட்டில், தட்டிக்கொண்டிருந்த கை நின்றது.