வேலிக்கு அந்தப்பக்கத்துச் செருமல்

இந்தக் காலத்தில் மனுஷன் ராத்திரி எழுந்து மூத்திரம் போவதைக்கூட மறைத்துப் பொய் சொல்கிறான் என்பதுதான் சொக்கலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அந்தத் தீவின் ரங்கத் பஜார் டீக்கடையில், பக்கத்து வீட்டுப் பன்னீர்செல்வம் எல்லார் முன்னாலும் பீற்றிக்கொண்டிருந்தார்.

"விட்டமின் டி மாத்திரைய்யா. வாரத்துக்கு ஒண்ணு. உடம்புல அது கொறஞ்சாலும் ராத்திரி அடிக்கடி போகுமாம், டாக்டர் சொன்னாரு. இந்த மாசம் முழுக்க, படுத்தா விடிஞ்சுதான் எந்திரிக்கிறேன். நீயும் போய்க் காட்டு, சொக்கலிங்கம்."

"வெயில்ல நின்னு டிரங்க் ரோடு போட்டவன்யா நான். எனக்கு வெயில் சத்து கம்மியா? அது கெடக்கட்டும். நேத்து ராத்திரி வேலிப்பக்கம் செருமுனது யாரு, உன் மாமனாரா?"

"அரே, நான் எந்திரிக்கவே இல்லைங்கிறேன். மாமனாரு போய்ச் சேர்ந்து எத்தனையோ காலமாச்சு."

கடையே சிரித்தது. சொக்கலிங்கம் சிரிக்கவில்லை.

இரண்டு வீட்டுக் கக்கூசும் கொல்லையில், நாலாவை ஒட்டி. அந்த உப்போடையில் முதலை உண்டு. அதனால் இருட்டில் இறங்குகிறவன் ஒருதரம் செருமுவான். வேலிக்கு அந்தப்பக்கம் பதில் செருமல் வந்தால், அங்கே அசைவது மனுஷன்தான் என்று அர்த்தம். கிழவர்கள் இருவருக்கும் வெகுநாள் பழக்கம். அந்தப் பதிலை நம்பித்தான் சொக்கலிங்கம் படியிறங்குவார். இந்த மாதமும் அது வந்துகொண்டுதான் இருந்தது. முன்னைவிடக் கிட்டத்தில்.

அடக்கிக்கொண்டு படுக்கவும் வழியில்லை. போன வாரம் பாய் நனைந்துவிட்டது. மருமகள் பானுமதி ஒரு வார்த்தை பேசாமல் அதை அலசிப் போட்டாள். அதற்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அன்றிரவும் அடிவயிறு முட்டியது. மழை விட்டிருந்தாலும் பாக்கு மட்டைகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்க, ஓடைப்பக்கமிருந்து சேற்று வாடையும் அழுகிய மீன் கவிச்சியும் ஒன்றாய் ஏறிவர, எப்போதும் காது புளிக்கக் கத்தும் தவளைகள் இன்று ஏனோ ஊமையாகிக் கிடக்க, அவர் டார்ச்சோடு கடைசிப் படியில் நின்று செருமினார்.

பதில் வந்தது. தொண்டையில் தண்ணீர் தேங்கியவன் செருமுவதுபோல.

"பொய்க்காரப் பயலே. இன்னிக்கு உன்னை விடப்போறதில்ல."

மூத்திரத்தை அடக்கிக்கொண்டே வேலிச் சந்தில் நுழைந்தார். கக்கூசுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஆளில்லை. மறுபடி செருமினார். பதில் இப்போது வீட்டுப்பக்கமிருந்து வந்தது.

ஓடி ஒளிகிறான் கிழவன். நேரே படுக்கையறை ஜன்னலுக்குப் போய் டார்ச்சை அடித்தார்.

கட்டில். கொசுவலை. உள்ளே பன்னீர்செல்வம், வாயைப் பிளந்துகொண்டு குறட்டை. தனிக்கட்டை, அந்த வீட்டில் வேறு யாரும் கிடையாது.

நடிப்பு. சோதித்துப் பார்க்க, மெல்லச் செருமினார்.

குறட்டை நிற்கவில்லை.

பதில் வந்தது.

வலைக்குள்ளிருந்து.

பன்னீர்செல்வத்தின் தலைமாட்டில் ஏதோ குந்தியிருந்தது. டார்ச் பக்கம் திரும்பியது. வலை மெதுவாக வெளியே புடைத்தது. நெற்றி. மூக்கு. பிறகு வாய். வாய் பட்ட இடத்தில் வலை நனைந்து கறுத்தது. சேறு சொட்டியது.

சொக்கலிங்கத்தின் தொடையில் சூடாக ஒழுகியது. நிறுத்த முடியவில்லை. டார்ச் கையிலிருந்து நழுவி ஜன்னல் கட்டையில் உட்கார்ந்தது. எடுக்கக் கை வரவில்லை.

திரும்பினார். நடந்தார்.

"தூங்குறானாம். விடியறவரைக்கும். மாத்திரையாவது மண்ணாவது."

பின்னால், டார்ச் வெளிச்சத்தில், வலையின் நூல் ஒவ்வொன்றாய் அறுந்தது. குறட்டை மட்டும் சீராகக் கேட்டுக்கொண்டே இருந்தது.