பின் இருக்கைக்குப் பின்னால்

ஒட்டு நன்றாகப் பிடித்திருந்தால் காசால் தட்டும்போது மரம் கணீரென்று பதில் சொல்லும். விட்டுப்போயிருந்தால் வாயில் துணி அடைத்தவன் மாதிரி முனகும். சிவசுப்பிரமணியம் அன்று பிற்பகல் விமானத்தின் வாலை நுனியிலிருந்து தட்டிக்கொண்டே வந்து, கடைசிச் சட்டத்தையும் தட்டி முடித்து, காசைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாலுக்குள்ளிருந்து இன்னொரு தட்டு வந்தது. மெதுவாக, நிதானமாக, வெளியே நிற்பவருடைய ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது போல.

“எலி,” என்றார் அவர், தன் காதுக்கே கேட்கும்படி.

பூனாகலைப் பக்கத்துக் கல்லுமலைத் தோட்டத்தில், கைவிடப்பட்ட பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள் ஒரு விமானம் நின்றதென்றால் அதற்குக் காரணம் தோட்டத்தை நிர்வகித்த ஜெயரட்ணம் துரை. வெள்ளைக்காரத் துரை கப்பலேறியபோது பங்களா, சவுக்கு, மாலைநேர விஸ்கி எல்லாவற்றையும் சேதமில்லாமல் பொறுப்பேற்றுக்கொண்டவர் அவர். இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரிய வேண்டுமே என்பதற்காக, பெட்டிகளில் அடைத்து விற்கும் விமானமொன்றை இங்கிலாந்திலிருந்து தருவித்தார். மரச்சட்டம், மெல்லிய பலகை, மேலே போர்த்தத் துணி, ஒட்டப் பசை. வாங்குகிறவர் தாமே பூட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிகள் பதுளை ஸ்டேஷனில் இறங்குவதற்கு முன்பே ‘ஊவா விமானக் கழகம்’ என்ற பெயர்ப்பலகை தயாராகிவிட்டது. கழகத்துக்குத் தலைவர் உண்டு. உறுப்பினர்கள் இல்லை.

சிவசுப்பிரமணியம் தோட்டத்தின் டீமேக்கர், தொழிற்சாலையில் தேயிலை தயாராவதை மேற்பார்க்கிறவர். உலக யுத்தகாலத்தில் திருகோணமலை விமானத்தளத்தில் சில மாதம் கிழிந்த இறக்கைகளுக்குத் துணி ஒட்டியிருந்தார். அதை ஒரு கலியாண வீட்டில் சற்று அகலமாகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து துரை அவரை ‘எங்கட ஏரோ இன்ஜினியர்’ என்று விருந்தாளிகளுக்குக் காட்டத் தொடங்கினார். அந்தப் பட்டத்தை மறுக்கிற அளவுக்கு டீமேக்கருக்கு அடக்கம் இருக்கவில்லை. வாலைச் சரிபார்த்துப் பலப்படுத்தும் வேலை இப்படித்தான் அவர் தலையில் விழுந்தது. அதோடு நிற்கவில்லை.

“முதல் ஓட்டத்திலை பின் சீற்றிலை நீங்கள்தான் இருக்கப்போறியள், மிஸ்டர் சிவசுப்பிரமணியம்,” என்றார் துரை. “அப்பத்தான் வாலை ஒழுங்காப் பாப்பியள்.”

அவரும் ஒழுங்காகத்தான் பார்த்தார். பார்க்கப் பார்க்கத்தான் எரிச்சல் ஏறியது. சட்டங்கள் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டு, பலகையை முக்கோணமாக வெட்டிப் பசை தடவி, இறுக்கி வைத்துவிட்டுப் போனால், மறுநாள் அந்தப் பலகையிலேயே விரிசல் ஓடியிருந்தது. அதற்கு மேல் இன்னொரு பலகை. அதிலும் விரிசல். பசையைத் திட்டினார், மலைப்பனியைத் திட்டினார், தொழிலாளர் லயத்தில் குடியிருந்த தோட்டத்துத் தச்சன் நல்லையாவின் இழைப்புளியைத் திட்டினார். ஒவ்வொரு விரிசலும் உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளே ஏதோ ஒன்று வசதியாகக் கால் நீட்டிப் பார்ப்பது போலிருந்தது.

பிறகு பாரம். கொழுந்து நிறுக்கும் தராசை வாலுக்கு அடியில் வைத்துப் பார்த்தபோது முள் போகக்கூடாத இடத்துக்குப் போனது. வால் கனத்தால் மூக்கு மேலே தூக்கும். மேலே தூக்கிய விமானம் அப்படியே வானத்தில் நின்று, பிறகு கல்லைப் போல விழும். இவ்வளவுதான் திருகோணமலையில் அவர் உண்மையாகவே கற்றுக்கொண்டது.

“கட்டைக்கு மேலை கட்டை வைச்சு ஒட்டினால் பாரம் கூடாமல் குறையுமோ?” என்றார் துரை.

சிவசுப்பிரமணியம் ஒட்டியதையெல்லாம் பெயர்த்து எடுத்தார். முள் இன்னும் ஒரு கோடு கூடியது.

“தராசு பிழை,” என்றார் துரை.

“ஒரு மூட்டைத் தேயிலையை வைச்சுப் பாத்தனான் சேர். தராசு சரி.”

“அப்ப நீர் பிழை. சனிக்கிழமை வண்டாரவளையிலயிருந்து ஆக்கள் வருகினம். அண்டைக்கு இது பறக்கும். பறக்காட்டில், மாச முடிவிலை நீர் உம்மட குவாட்டசை விட்டு வெளிக்கிடும்.”

‘நீங்கள்’ ‘நீர்’ ஆகிவிட்டதிலேயே விஷயம் விளங்கிவிட்டது. வீட்டில் மனைவி செல்வநாயகி இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். போக வேறு வீடு இல்லை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூடுபனி வழக்கத்துக்கு முன்பே இறங்கி, பழைய தொழிற்சாலையின் உடைந்த கண்ணாடிகள் வழியாக உள்ளே வந்து, பெரிய இயந்திரச் சக்கரமான ரோதை கழற்றப்பட்ட வெறும் குழியை நிரப்பி, விமானத்தின் வயிறு வரை ஏறி நின்றது. துணியை விறைக்கவைக்கப் பூசிய சாயத்தின் பழவாடைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பழைய இயந்திர எண்ணெய். சாம்பிராணி. அதற்கும் அடியில், இறைச்சிக்கடைக் கட்டையைக் கழுவிய தண்ணீரின் வாடை. அவர் வாலின் பக்கத்திலிருந்த சிறு மூடியைத் திறந்து, டார்ச்சையும் முகம் பார்க்கும் கண்ணாடியையும் உள்ளே நீட்டினார். விலா எலும்புகள் போல வரிசையாகச் சட்டங்கள். ஒரு சட்டத்தில் காய்ந்த கறை. அதில் ஒட்டியபடி ஒரு சேவலிறகு.

இறகு அசைந்தது. முன்னும் பின்னும். சீராக. மூச்சுக்கு அசைவது போல.

அவர் நல்லையாவைக் கூப்பிட்டனுப்பினார்.

“நாங்கதாங்க செஞ்சோம்,” என்றான் நல்லையா, ஒளிக்க எதுவும் இல்லாதவனாக. “ஐயா பின்னாடி உக்காந்து போறீங்கன்னு கேள்விப்பட்டு லயத்துல எல்லாருக்கும் ஒரே கவலை. அதான் ரோதமுனிக்கு ஒரு சேவ அறுத்து, பிளேன அவருக்கே ஒப்படைச்சிட்டோம்.”

தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் எது வந்தாலும், அதை ஓட்டுவதற்கு முன்னால் ரோதைக்குக் காவலான அந்தச் சாமிக்குப் பலி கொடுப்பது தோட்ட வழக்கம். கொடுக்காவிட்டால் ரோதை கை கேட்கும் என்பார்கள். சிவசுப்பிரமணியம் எத்தனையோ தடவை மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்தில் நின்றிருக்கிறார்.

“இது தேயிலை மிசினோ?”

“முன்னாடி ரோதை சுத்துதுங்களே. ரோதை இருந்தா அவருதுதான். பாவம், புது பேக்டரி கட்டி இங்க இருந்த ரோதையைக் கழட்டிட்டுப் போனதுல இருந்து சாமி வேலையத்துக் கெடந்துச்சு.”

“அப்ப அது ஏன்ரா வாலுக்குள்ளை இருக்குது?”

நல்லையா சற்று யோசித்தான். “முன்னாடி தொரை உக்காருறாருங்களே. சாமிக்கும் மரியாதை தெரியாதா?”

“எழுப்பி அனுப்பு.”

“குடுத்தத எப்படிங்க திருப்பிக் கேக்கறது? நீங்க படிச்சவங்க. நீங்க கேட்டா ஒருவேளை கேக்கும்.”

நல்லையா போனபின் அவர் அப்படியும் செய்து பார்த்தார். பனிக்குள் நின்று, தொண்டையைச் செருமி, கொழும்பு அதிகாரிக்கு விண்ணப்பிக்கும் குரலில், தம்முடைய குடும்ப நிலைமையை எடுத்துச் சொல்லி, தயவுசெய்து இறங்க முடியுமா என்று கேட்டார். பிறகு மரம் முனகியது. துணி உள்ளே வாங்கி வெளியே தள்ளியது. தராசு கிறீச்சிட்டது. முள் இறங்கியது. இறங்கி, இருக்க வேண்டிய கோட்டிலேயே நின்றது.

எங்கோ சிமெந்துத் தரையில் வெறுங்காலடி கேட்டது. கனமான காலடி.

அவர் வீடு வரை ஓடினார். டீமேக்கர் ஓடுவதை லயத்து ஆட்கள் அன்றுதான் கண்டார்கள்.

சனிக்கிழமை காலையிலும் முள் அதே கோட்டில் நின்றது. விரிசல் இல்லை. கறை இருந்தது, இறகு இல்லை. அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்தைப் போட்டார். பந்து மைதானத்தில் கதிரைகள், குடைகள், வண்டாரவளைத் துரைமார், அவர்களைவிடப் பெரிய தொப்பிகளோடு அவர்களுடைய பெண்சாதிமார். ஜெயரட்ணம் துரை தோல் தொப்பியும் காற்றுக் கண்ணாடியும் அணிந்து, மனிதகுலம் வானத்தை வென்ற வரலாற்றைத் தம்மில் கொண்டுவந்து முடித்து, முன் இருக்கையில் ஏறினார். சிவசுப்பிரமணியம் பின்னால் ஏறி வாரைப் பூட்டிக்கொண்டார். நல்லையா மூக்கிலிருந்த ரோதையைச் சுற்றிவிட்டான். எஞ்சின் பிடித்தது.

அப்போது வால் தாழ்ந்தது.

யாரோ ஏறும்போது தோணி தாழ்வது போல. ஒரு பக்கம் முதலில். பிறகு மறுபக்கம்.

“சேர், நிப்பாட்டுங்கோ,” என்றார். எஞ்சின் அதை விழுங்கியது. வாரின் கொளுக்கி விரலுக்கு அகப்படவில்லை. வியர்வை. புல் பின்னால் ஓடியது. கதிரைகள். குடைகள். நல்லையா கையெடுத்துக் கும்பிட்டபடி சிறிதாகிக்கொண்டே போனான்.

தரை விட்டது.

மூக்கு தூக்கவில்லை. கல்லைப் போல விழவும் இல்லை. கனத்த வாலோடு விமானம் நேராக, அலுங்காமல் ஏறியது. அப்படி அது பறக்கவே முடியாது. அது அவருக்குத் தெரியும்.

லயங்கள் போயின. தேயிலை போனது. மலை விளிம்பு போனது. கீழே வெறும் பனி.

துரை திரும்பினார். வாயெல்லாம் சிரிப்பு. டீமேக்கரின் முகத்தைப் பார்த்தார். பார்வை அங்கே நிற்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் போனது. பிறகு மேலே. அவர் தலைக்கு மேலே. இன்னும் மேலே.

சிரிப்பு உதட்டிலேயே காய்ந்தது.

பிடரியில் சூடு. எண்ணெய் வாடை. சிவசுப்பிரமணியம் திரும்பவில்லை. கழுத்து அசையவில்லை.

துரை இரண்டு கைகளையும் விமானத்தை ஓட்டும் பிடியிலிருந்து எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். தொப்பியைக் கழற்றினார். காற்று இரண்டையும் கொண்டுபோனது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கூப்பினார்.

சிவசுப்பிரமணியத்தின் முழங்கால்களுக்கு நடுவே பின் இருக்கைக்கான பிடி. அதை யாரும் தொடவில்லை. அது மெல்ல இடப்பக்கம் சாய்ந்தது. விமானம் பணிவாக, மலைப்பக்கம் திரும்பியது.