சிவப்புக் கயிறு

லீலண்ட் முதலில் சத்தத்தைத்தான் கேட்டான். படகுக் கொட்டகைக்குள் எங்கோ தண்ணீர் சொட்டியது. மூன்று வாரமாக மழை இல்லை. பெட்ரோலும் பைன் பலகையும் காய்ந்த மீன் செதிலும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில், நங்கூரத்தை இழுக்கும்போது மட்டும் மேலே வரும் கறுப்புச் சேற்றின் வாசனை மெல்லப் பரவியிருந்தது. அவன் திரும்பினான். மிதவைச் சட்டைகள் மாட்டும் வரிசையின் கடைசி ஆணியில் ஒரு சிவப்புச் சுருள் கயிறு தொங்கியது. அதன் நுனியிலிருந்துதான் சொட்டியது.

எல்லாப் படகிலும் இருக்கும் கயிறுதான். ஒரு முனை மோட்டாரின் சுவிட்சில் இருக்கும், மறு முனையை ஓட்டுபவன் தன் மிதவைச் சட்டையில் கோத்துக்கொள்ள வேண்டும். அவன் தண்ணீரில் விழுந்தால் கயிறு உருவிக்கொண்டு வந்துவிடும், மோட்டார் அந்த நொடியே நின்றுவிடும். இந்தக் கயிற்றின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. முடிச்சுக்கு அப்பால் கத்தியால் நேராக வெட்டிய நுனி.

முடிச்சு எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இடது கைக்காரனின் முடிச்சு.

போன ஜூலையில் அவனேதான் இதை வெட்டி, ஏரியில் மூன்று பாறை என்ற இடத்துக்கு அருகே, அறுபது அடி ஆழத்தில் எறிந்தான்.

"டேய் லீலண்ட், உள்ளயே குடியிருக்கப் போறியா? இங்க எட்டு வாலாய் மீன் என்னை முறைச்சுக்கிட்டுக் கிடக்கு. கத்தியக் கொண்டா!" வெளியே மீன் வெட்டும் மேசையிலிருந்து ஹார்லன் கத்தினான்.

லீலண்ட் கயிற்றைச் சுருட்டிக் கால்சட்டைப் பைக்குள் திணித்தான். அந்த ஈரம் தொடையில் பட்டது. ஜூலை மாத வெயிலில் அது பனிக்கட்டியைப் போலச் சில்லிட்டது.

இரவு உணவுக்கு மூவர்தான். பிஸ்கட் தூளில் புரட்டிப் பொரித்த வாலாய், உருளைக்கிழங்கு, பீர். மற்ற வருடங்களில் இந்த வாரம் மேசையில் பதினைந்து பேர் இருப்பார்கள். அண்ணன் ஓரின் இறந்தபின் இதுதான் முதல் கோடை. அவன் மனைவி மாரிட் பிடிவாதமாகக் கூப்பிட்டதால் லீலண்டும், சிறு வயதுமுதல் கூடவே மீன் பிடித்த ஹார்லனும் வந்திருந்தார்கள்.

"ஒருத்தன் போட்ட முடிச்ச வெச்சே ஆளச் சொல்லிடலாம்" என்றான் ஹார்லன், மாரிட்டின் தூண்டிலைக் கையில் எடுத்து. "இதப் பாரு. லீலண்ட் கட்டினது. கண்ணாடில பாத்துதான் அவுக்கணும். இந்த ஏரில எதிர்ப்பக்கமா முடிச்சு போடற ஒரே பிறவி."

"சாப்பிடு ஹார்லன்" என்றான் லீலண்ட்.

"ஏன், கோவமா? உங்க அண்ணனே சொல்லுவான், இவன் பொறக்கும்போதே திரும்பிப் பொறந்தவன்னு."

மாரிட் சிரித்தாள். அவள் சிரித்து ஒரு வருடம் ஆகியிருக்கும். ஹார்லனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இவ மட்டும் என்னவாம்? படகோட முன்பக்கம் நின்னுக்கிட்டு, 'இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ஓரின். இன்னும் கொஞ்சம்.' கரைக்கு வர்ற வரைக்கும் அதே பாட்டு. தூக்கத்துலகூடச் சொல்லுவா. அவனும் தூக்கத்துலயே இடது பக்கம் புரளுவான்."

"சொன்னாக் கேப்பான்" என்றாள் மாரிட். "எப்பவும் கேப்பான்."

பிறகு அவள் லீலண்டைப் பார்த்தாள். "இன்னிக்கோட ஒரு வருசம். வெளிச்சம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். என்னை மூணு பாறைக்குக் கூட்டிட்டுப் போ. மஸ்கி மீனுக்குத் தூண்டில் போடலாம்."

"ஹார்லனும் வரட்டுமே."

"என் தோள்ல இனி பத்து வீச்சுக்குத்தான் தெம்பு" என்று ஹார்லன் தட்டுகளை அடுக்கத் தொடங்கினான். "நீங்க போங்க. நான் பாத்திரம் கழுவறேன்."

ஓரினின் அதே படகு. மாரிட் அதில் புதிதாக மஞ்சள் கயிறு வாங்கிப் போட்டிருந்தாள்.

"கயித்த மாட்டு" என்றாள்.

லீலண்ட் தன் சட்டையில் கோத்தான். 'டக்' என்று கேட்டது. அந்தச் சத்தத்தை அவன் நன்றாக நினைவில் வைத்துக்கொண்டான்.

போன வருடம் அவன் அப்படிச் செய்யவில்லை. கயிறு கையைத் தடுக்கிறது என்று அதை இருக்கையின் தூணில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தான். "எடுத்துச் சட்டையில மாட்றா, எரும" என்று ஓரின் இரண்டு முறை சொன்னான். லீலண்ட் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினான். திருப்பத்தில் இருவருமே தூக்கி எறியப்பட்டார்கள். மோட்டார் நிற்கவில்லை. ஆளில்லாத படகு இடது பக்கமாக வட்டம் போட்டது. முதல் சுற்றில் ஓரின் அதன் பாதையில் இருந்தான். இரண்டாவது சுற்றிலும். ஆறாவதில் படகு நாணலில் ஏறி நின்றது. லீலண்ட் நீந்திப் போய் அதில் ஏறினான். அவன் முதலில் செய்தது அண்ணனைத் தேடியதல்ல. கயிற்றை வெட்டியதுதான். விசாரிக்க வந்தவர்களிடம், ஓரின்தான் ஓட்டினான், கயிற்றை மாட்டவில்லை என்றான். எல்லாரும் நம்பினார்கள்.

மூன்று பாறையில் காற்றே இல்லை. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. தூரத்தில் ஒரு லூன் பறவை அழுதது, எதிர்க்கரைக் காட்டிலிருந்து அதே அழுகை திரும்பி வந்தது, பிறகு கொசுக்களின் ரீங்காரம் மட்டும். மாரிட் முன்பக்கம் நின்று வீசத் தொடங்கினாள். மஸ்கி தூண்டிலைத் துரத்திக்கொண்டு படகு வரை வரும், கடிக்காமல் அப்படியே நின்று பார்க்கும். அதனால் தூண்டில் அருகே வந்ததும் கழியின் நுனியைத் தண்ணீருக்குள் விட்டு அகலமாக ஓர் எட்டு போடுவார்கள். மீன் கண்ணில் படாவிட்டாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் போட வேண்டும். மாரிட் ஒன்றையும் விடவில்லை. வீச்சு, சுற்று, எட்டு. வீச்சு, சுற்று, எட்டு.

அவள் முதுகைக் காட்டி நிற்கும்போது லீலண்ட் பையிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்துச் சத்தமில்லாமல் நீரில் விட்டான். அது சுழன்று சுழன்று இறங்கியது. தண்ணீர் அதை மூடியது. அவன் மூச்சு விட்டான்.

"என் மக இந்த வருசமும் வரல" என்றாள் மாரிட், திரும்பாமல். "அப்பா மேல கோவம். சின்ன வயசுலேர்ந்து கயித்த மாட்டு, கயித்த மாட்டுன்னு அவ உயிர எடுத்துட்டு, அவரு மாட்டாம செத்துட்டாருன்னு. கல்லறைக்குக்கூடப் போக மாட்டேங்கறா."

லீலண்ட் சட்டையில் மாட்டியிருந்த கொக்கியைத் தடவிப் பார்த்தான்.

"ஓரின் கயித்த மாட்டாம ஒரு நாள்கூட மோட்டாரத் தொட்டதில்ல." வீச்சு. சுற்று. "நீதானே ஓட்டின?"

லூன் நின்றுவிட்டிருந்தது. கொசுவும்கூட. சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. அவன் நாக்கு அந்த வார்த்தைகளைத் தொட்டது, ருசி பார்த்தது, விழுங்கியது.

"இல்ல மாரிட். ஓரின்தான்."

அவள் தலையை ஆட்டினாள், கேட்டுக்கொண்டதுபோல. கழியின் நுனியை நீரில் விட்டாள். எட்டு.

"பின்னால ஏதோ வருது" என்றாள்.

லீலண்ட் எட்டிப் பார்த்தான். தூண்டிலுக்குப் பின்னால், ஒரு கை தூரத்தில், சிவப்பாக ஒன்று நெளிந்து வந்தது. அதற்குப் பின்னால் நீளமான வெளிறிய நிழல். மஸ்கி என்றால் வால் அசையும். இது எதையும் அசைக்கவில்லை. மிதந்தே வந்தது. மாரிட் இடது பக்கம் வளைத்தால் இடது பக்கம் வளைந்தது. வலது பக்கம் வளைத்தால் வலது பக்கம். நீளம் ஆறடி இருக்கும். ஒரு கணம் அது திரும்பியபோது இரண்டு கண்கள் வெளிச்சம் பட்ட வாலாயின் கண்கள்போல வெள்ளையாக மின்னின. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்தன. மீனுக்கு அப்படி இருக்காது.

"போலாம்" என்றான். குரல் கீச்சிட்டது. "இருட்டுது. போலாம் மாரிட்."

"இப்பத்தானே வந்திருக்கு."

அவன் மோட்டாரை முடுக்கினான். முழு வேகம். படகின் மூக்கு தூக்கிக்கொண்டது. கரையின் பக்கம் திருப்பினான். அப்போது அடியில் ஏதோ தட்டியது. கல் அல்ல. கல்லைவிட மென்மையானது.

வானம் புரண்டது.

தண்ணீர்.

மூக்கில், வாயில், சேற்றின் வாசனை. மிதவைச் சட்டை அவனை மேலே தூக்கியது. மோட்டார் நின்றிருக்க வேண்டும்.

நிற்கவில்லை.

அவன் நெஞ்சைத் தடவினான். கொக்கி இருந்தது. கொக்கியில் ஓர் அங்குல மஞ்சள் கயிறு. நேராக வெட்டப்பட்ட நுனி.

படகு இடது பக்கமாக வளைந்தது. அவனைத் தாண்டிப் போனது, பத்தடி தள்ளி. ஓட்டுபவனின் இருக்கை காலி. இருக்கையின் தூணில் சிவப்பு. சுற்றிக் கட்டிய சிவப்பு. வெட்டே இல்லை. எதிர்ப்பக்க முடிச்சு.

"மாரிட்! மோட்டார நிறுத்து!"

அவள் முன்பக்கம் நின்றிருந்தாள். நிமிர்ந்து, ஒரு கையால் கழியைப் பிடித்து. கழியின் நுனி தண்ணீரில் இருந்தது.

இரண்டாவது சுற்று. எட்டடி.

"நான்தான் ஓட்டினேன்!" கத்தினான். "நான்தான்! கயித்தக் கட்டினது நான்தான்! மாரிட்!"

மோட்டாரின் இரைச்சல் அதைத் தின்றது. அவள் அவன் பக்கம் பார்க்கவே இல்லை.

அவன் கால்களுக்கு அடியில் தண்ணீர் சில்லிட்டது. ஏதோ வந்து நின்றது. தொடவில்லை. அவன் இடது பக்கம் உதைத்தால் இடது பக்கம் வந்தது. வலது பக்கம் உதைத்தால் வலது பக்கம்.

மூன்றாவது சுற்று. ஐந்தடி. அலை அவன் முகத்தில் அறைந்தது. ஓட்டுபவன் இல்லாத படகின் ஸ்டியரிங் சக்கரம் நடுங்கி ஆட வேண்டும். இது ஆடவில்லை. இறுக்கிப் பிடித்ததுபோல அசையாமல் இருந்தது. இருக்கையின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. அதன் ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

படகு மறுபடி வளைந்து அவனை நோக்கித் திரும்பியது. மாரிட் கழியைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் இரவு உணவின்போது இருந்த அதே சிரிப்பு. அவள் தோளுக்கு மேலாகத் திரும்பி, காலியான இருக்கையைப் பார்த்து, கரைக்கு வரும்போது சொல்லும் அதே மெல்லிய குரலில் சொன்னாள்:

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம், ஓரின்."