முறிவில் வழிந்த கறுப்பு

ஞாயிறு காலை 11.20. மலைப்பாதையின் ஏழாவது வளைவுக்குக் கீழே, பாறையில் சாய்ந்து கிடந்தது ஜீப். நாலு டயரும் புதுசு, இடுப்பு உயரம். பின்பக்க இடது சக்கரம் கழன்று ஓடைக்குள் போய் நின்றிருந்தது. ஓட்டியவர் ஸ்டீயரிங்கில் தலை வைத்தபடி இறந்திருந்தார்.

திங்கள் காலை 9.05. பட்டறை.

பெரிய டயரின் பாரத்தைச் சக்கரத்தைச் சுழற்றும் தண்டான பழைய ஆக்சில் தாங்காது என்று தடித்த புது ஆக்சில் போட்டிருந்தார்கள். இடது பக்கத்து ஆக்சில் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அதன் மேல் ஏற்றியிருந்த பேரிங் வளையத்தின் ஓரத்தில் முறிந்துவிட்டது. வேலை செய்தவன் ஃபிட்டர். செத்தவர் அவனுடைய அக்கா புருஷன்.

அக்கா வாசலிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை. விசாரிக்க வந்த பெண் இன்ஸ்பெக்டரிடம் அங்கிருந்தே சொன்னாள்.

"பன்னண்டு மணிக்கு உடம்பைத் தர்றாங்க மேடம். தூக்கறப்ப இவன் தோள் குடுக்கக் கூடாது. நேத்து காலையில அவரு கட்டைவிரலுக்குத் துணி சுத்தி அனுப்பினேன். முழுசா அனுப்பினேன், இப்படித் திருப்பித் தர்றான்."

"விரலுக்கு என்ன?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சுட்டுக்கிட்டாரு. வெந்நீர் வெச்சாராம். அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னே தெரியாத மனுஷன்."

இன்ஸ்பெக்டர் ஃபிட்டர் பக்கம் திரும்பினார்.

"பேரிங்கை எப்படி ஏத்தின?"

"பிரஸ்ல வெச்சு அழுத்தினேன்."

"ரெண்டு பக்கமுமா?"

"வலது பக்கம் புதன்கிழமை. இடது பக்கம் சனிக்கிழமை."

"நீயேவா?"

"நானேதான். தப்பு என்னோடது. எழுதிக்குங்க மேடம்."

இன்ஸ்பெக்டரின் பேனா அசையவில்லை. பதினெட்டு வருஷ வேலையில், மாட்டிக்கொள்ள இவ்வளவு அவசரப்பட்டவனை அவர் பார்த்ததில்லை.

"அதான் ஒத்துக்கிட்டானே! எழுதுங்க மேடம், பட்டறை மேல பழி வரக் கூடாது" என்று முதலாளி சத்தம் போட்டார்.

"கொஞ்சம் ஹாரனை நிறுத்துறீங்களா?"

மூலையில் வெல்டர் சிரிப்பை விழுங்கினான். முதலாளிக்குப் பட்டறையில் வைத்திருந்த பட்டப்பெயரே அதுதான்.

9.40. இன்ஸ்பெக்டர் பட்டறையைச் சுற்றி வந்தார். ஹைட்ராலிக் பிரஸ் சுவரோரம் நின்றது. அதன் ஆயில் ஹோஸைக் காணோம்; அந்தக் குழாய் இல்லாமல் பிரஸ் ஓடாது. ஓட்டையில் கந்தல் துணி அடைத்திருந்தது.

"ஹோஸ் எங்க?"

"வெடிச்சிருச்சு மேடம். வியாழக்கிழமை ரிப்பேருக்குப் போனது, இன்னும் வரல" என்றார் முதலாளி.

மேஜையில் இரண்டு ஆக்சில்களும் கிடந்தன. நேற்று சாயங்காலம் வண்டியைத் தூக்கிவந்ததும் ஃபிட்டரே கழற்றி வைத்தவை. வலது பக்கத்தது எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. முறிந்ததில் மட்டும் பேரிங் உட்காரும் இடத்தைச் சுற்றிக் கறுப்புப் பெயின்ட்.

"இதுக்கு மட்டும் ஏன் பெயின்ட்?"

"துருப்பிடிக்காம இருக்க."

"எப்ப அடிச்ச?"

"மாட்டறதுக்கு முன்னாடி."

இன்ஸ்பெக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். பிறகு பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியால் தேய்த்தார். கறுப்பு கரைந்தது. அடியில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு நீல வளையம்.

10.10. அக்காவை உள்ளே கூப்பிட்டார்.

"முறிஞ்ச வாயைப் பாருங்க. உள்பக்கம் வரைக்கும் ஒரு சொட்டுக் கறுப்பு வழிஞ்சிருக்கு. முழுசா இருக்கறப்ப அடிச்ச பெயின்ட் உள்ளே எப்படிப் போகும்? உடைஞ்ச பிறகு அடிச்சது இது. அடிச்சவன் உங்க தம்பி."

"பார்த்தீங்களா!" என்றார் முதலாளி.

"சனிக்கிழமை பிரஸ் ஓடல. யாரோ கேஸ் டார்ச் நெருப்பால சூடாக்கிப் பேரிங்கை இறக்கியிருக்காங்க. அந்தச் சூட்டுல வந்த நீலம் இது. இது வந்தா இரும்போட பதம் போச்சு, முறிஞ்சிரும். தன் தப்பை மறைக்கறவன் பழியையும் சேர்த்துக் கேட்டு வாங்கமாட்டான். இவன் வேற ஒருத்தரோட கையை மறைச்சான். விரல் சுட்ட கையை." அவர் அக்காவைப் பார்த்தார். "டார்ச்சைப் பிடிச்சது உங்க வீட்டுக்காரர்தாம்மா."

ஃபிட்டர் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தான்.

"ஹோஸ் வந்துச்சான்னு பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தா வண்டி டயர்ல நிக்குது. பக்கத்துப் பட்டறை பிரஸ்ல பேரிங்கை ஏத்திட்டேன்னாரு மாமா. கழட்டிக் காட்டுங்கன்னு அவர்கிட்ட எப்படிக் கேக்கறது? கேட்டிருக்கணும். நேத்து கழட்டினப்பதான் இந்த நீலத்தைப் பார்த்தேன்."

"ஏன்டா மறைச்ச?" என்றாள் அக்கா.

"அவர் அவசரமே அவரைக் கொன்னுச்சுன்னு உன் காதுல விழ வேணாம்னு பார்த்தேன். என்னைத் திட்டினாலாவது உனக்குக் கொஞ்சம் ஆறும்."

அவள் அந்த நீல வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு நாள் பொறுங்கன்னு அவர்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்."

"நானும் சொன்னேன்."

மேஜையில் கிடந்த தின்னர் துணியை எடுத்து அவனிடம் நீட்டினாள். அவன் நகக்கண்ணில் இன்னும் கறுப்பு இருந்தது.

"கையைத் துடைச்சிட்டு வா. தூக்க ஆள் பத்தாது."