இரண்டாம் பதிவு

நான்கு பேர் என்று திருமுருகன் அடித்தான். இரண்டாம் பதிவில் ஐந்து என்று இருந்தது.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத டேட்டா என்ட்ரி அறை. வெளிநாட்டு மியூசியம் ஒன்று அனுப்பிய, மெக்சிகோ பக்கத்துப் பழைய மாயா இனத்தாரின் சுவர் ஓவியங்களின் போட்டோக்களைத் திறந்து, எத்தனை பேர், எங்கே நிற்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஒரே படத்தை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போனால்தான் வேலை முடியும். படங்கள் வெளியே போய்விடும் என்ற பயத்தில் முதலாளி காசிநாதன் ஷட்டரை வெளிப்பக்கம் பூட்டிவிடுவார். இன்றும் பூட்டும்போது சொன்னார்:

"அனிதா நேத்தே அவ பங்க அடிச்சிட்டா, சிஸ்டத்துல அவ பேர்ல ஏறியிருக்கு. ஆறு மணிக்கு வரேன். வித்தியாசம் ஜீரோன்னாதான் தொறப்பேன். பாலிடெக்னிக்க பாதியில வுட்ட மாதிரி இதையும் வுட்டுடாத."

திருமுருகன் மறுபடி பார்த்தான். தூணோரம் ஐந்தாவது ஆள் இருந்தான். செம்மண் நிற உடம்பு, சுற்றிலும் கறுப்புக் கோடு. முதலில் கண்ணில் படவில்லை போல. வித்தியாசம் வந்தால் அங்கே யாரும் படத்தைத் திரும்ப எண்ணுவதில்லை; F5 தட்டி மற்றவர் பதிவை ஏற்றுக்கொள்வார்கள். தட்டினான்.

அடுத்த படத்தில் மூன்று. இரண்டாம் பதிவில் நான்கு. அதே ஆள், தூணை விட்டு இரண்டடி முன்னால். தட்டினான். அதற்கடுத்ததில் இன்னும் பக்கத்தில். ஃபேன் கிறீச்சிட்டது, யுபிஎஸ் ஒரே சுருதியில் ரீங்கரித்தது, அவற்றுக்கு அடியில் ஈர மண்ணை யாரோ மெதுவாகப் பிசைவது போன்ற சத்தமும், குழி தோண்டிய இடத்து வாடையும் அவன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தன.

மேஜைப் போன் அடித்தது. உள்ளே வரும் அழைப்பை மட்டும் எடுக்கலாம். இங்கிருந்து யாருக்கும் போன் போட முடியாதபடி பூட்டியிருந்தார்கள். ஆலத்தியூரிலிருந்து அனிதா.

"அண்ணே, நான் லீவுன்னு இப்பவாச்சும் சாருகிட்ட சொல்லிடுங்க. அம்மை போட்டு மூணு நாளா வேப்பலையில கெடக்கேன்."

"நேத்து வந்து அடிச்சியே?"

"நானா? கண்ணயே தொறக்க முடியல. ஒத்தையில ஒக்காந்து பெனாத்துறீங்களா?" சிரித்தாள்.

"அனிதா, அவருக்குப் போன் போட்டு உடனே தொற..."

லைன் செத்துவிட்டது.

கடைசிப் படம். வெறும் அறை, ஆளே இல்லை. பூஜ்யம் அடித்தான்.

இரண்டாம் பதிவில் இரண்டு.

படத்தை மறுபடி பார்த்தான். ஒருவன் வெளிச்சத்தின் முன் உட்கார்ந்திருக்கிறான். இன்னொருவன் அவனுக்குப் பின்னால்.

எழப் பார்த்தான். கால் வரவில்லை.

ஷட்டருக்கு வெளியே சாவிக்கொத்து. "ஜீரோவாடா?"

"சார், தொறங்க!"

"ஜீரோவா?"

"ஒண்ணுதான் பாக்கி. தொறங்க சார், கெஞ்சிக் கேக்குறேன்!"

"அதயும் அடிச்சிட்டு கூப்புடு."

அடிக்க மாட்டேன். கையை மடியில் இறுக்கிக்கொண்டான்.

தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. செம்மண் நிறம். தடிமனே இல்லை. சுற்றிலும் கறுப்புக் கோடு.

F5.

வித்தியாசம் பூஜ்யம். மெஷின் பீப் என்றது. ஷட்டர் ஏறியது.

திருமுருகன் திரும்பினான். முகம் பக்கவாட்டில் நின்றுவிட்டது. மானிட்டர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து காசிநாதனின் விரல், நகத்தடி அழுக்குடன், ஆள் உயரத்துக்குப் பெரிதாக வந்து அவன் நெற்றியில் பட்டது.

"ஒண்ணு, ரெண்டு. சரியாத்தான் இருக்கு. பய எங்க போனான்?"

திருமுருகன் கத்தினான். மாயா ஓவியர்கள் பேச்சைக் காட்டப் போடும் சின்னச் சுருள்கோடு ஒன்று, அவன் வாய்க்கு முன்னால், சத்தமில்லாமல் விரிந்தது.