பதின்மூன்று எழுத்து

தெக்கிலா காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் முதலில் கடிகாரத்தைச் சரிபார்ப்பாள். ஓரிரு நொடி பிசகினாலும், மங்கிய அலையில் குறுஞ்செய்தி அனுப்பும் மெலிகுறி வானொலி வேலை செய்யாது. பதினைந்து நொடிக்கு ஒரு செய்தி. சொந்தமாக ஏதாவது எழுதினால் பதின்மூன்று எழுத்துக்கு மேல் இடமில்லை. வானொலி இரைச்சலுக்கு அடியில் புதைந்து கிடக்கும் குறியையும் அந்த மென்பொருள் தோண்டி எடுத்துவிடும். முடியாவிட்டால் திரையை வெறுமையாக விட்டுவிடும். லினக்ஸில் ஓடும் அந்தப் பழைய நிரலிடம் அவளுக்குப் பிடித்ததே அதுதான். தெரியாததைத் தெரியாது என்று விடும் யோக்கியம் தூத்துக்குடியில் வேறு யாரிடமும் இல்லை என்பது அவள் முடிவு.

ஊரே நிரப்பியில் பேசியது. கடலடிக் கம்பிகள் ஓயாமல் அறுந்த காலத்தில் வந்த ஏற்பாடு அது. இணைப்பு விட்டுப்போனால், எதிர்முனைக்காரர் என்ன சொல்லியிருப்பார் என்று கணித்து, அவர் முகத்திலும் குரலிலும் நிரப்பியே பேசிவிடும். பேசுவது மனிதர்தான் என்று காட்ட ஆரம்பத்தில் ஒரு பச்சை விளக்கு இருந்தது. அது அணையும்போது மனசு கஷ்டப்படுகிறது என்று சனங்களே மனுப் போட்டு அதை எடுக்கவைத்தார்கள். துறைமுக வானொலிப் பிரிவில் முப்பது ஆண்டு வேலை பார்த்த தெக்கிலாவுக்கு ஊர்மேல் இருந்த மரியாதை அன்றோடு போயிற்று.

தங்கை சலேத்தின் கணவன் கஸ்பார் தென்கடல் சுரங்க மேடைக்குக் கிளம்பியபோது, உள்ளங்கை அளவு மெலிகுறிக் கருவி ஒன்றை அவன் பையில் திணித்திருந்தாள். ஏழு மாதம் அதிலிருந்து சத்தமே இல்லை. அந்தச் செவ்வாய்க்கிழமை மதியம் அவனுடைய அழைப்புக்குறி திரையில் வந்தது. அடுத்த பதினைந்து நொடியில், ஆங்கில எழுத்தில் தமிழ்: தண்ணி இல்லை. மூன்று முறை வந்து நின்றுவிட்டது.

அடுத்த தெருவுக்கு ஓடினாள். சலேத் ஒரு மாதப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சுவர்த்திரையில் கஸ்பாரோடு பேசிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"அவியகிட்டயே கேளுக்கா."

"தண்ணிக்கு என்ன மதினி, நெறையக் கெடக்கு. நீங்க சாப்ட்டாச்சா?" என்றான் திரையில் இருந்தவன்.

கஸ்பார் தன் வாழ்நாளில் அவளிடம் அப்படிக் கேட்டதில்லை.

"கட்டுன புருஷன் இம்புட்டு அன்பாப் பேசுதான். உனக்கே சந்தேகம் வரலையாட்டீ?"

சலேத் திரையின் ஒலியைக் கூட்டினாள்.

சுரங்க நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில் சிரித்தார்கள். மேடை மேலாளர் அன்றாடம் பேசுகிறார், எல்லாம் சுகம் என்றார்கள். சுவரில் மாட்டிய படத்துக்கு இருக்கும் அறிவுகூட இவர்களுக்கு இல்லை என்று நினைத்தபடி வீடு திரும்பி, தெக்கிலா உதவி கேட்டு அழைக்கத் தொடங்கினாள். மூன்றாவது மணி நேரத்தில் ஓர் ஆய்வுக்கப்பல் பதில் தந்தது. மேடை இருக்கும் இடத்தைப் பதின்மூன்று பதின்மூன்று எழுத்தாக நறுக்கி அனுப்பினாள்.

இரண்டு நாளில் கப்பல் போய்ச் சேர்ந்தது. பதினொரு பேரில் ஏழு பேர் உயிரோடு இருந்தார்கள். மேடையின் இணைப்பு அறுந்து நாற்பத்தோரு நாள் ஆகியிருந்தது. அலுவலகத்தோடு அன்றாடம் பேசிய மேலாளரும் நிரப்பிதான்.

கஸ்பார் எலும்பும் தோலுமாக வீடு வந்தான். பிள்ளை பிறந்ததுகூட அவனுக்குத் தெரியாது. பிள்ளையைக் கையில் வாங்கி, "இஞ்ஞாசி" என்று கூப்பிட்டான். மேடையில் தன் பங்குத் தண்ணீரை அவனுக்குக் கொடுத்துவிட்டுச் செத்தவனின் பெயர்.

சலேத் விழித்தாள். "அது யாரு? பேரு ரியான். ஞானஸ்நானமும் குடுத்தாச்சு."

"யாரு வச்சது?"

"நீங்கதான். ஒரு மணி நேரம் பேசிப் பேசி வச்சியளே."

அந்த வருஷம் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்கு அதுதான் பெயர். அதைச் சொல்லிக் காறித்துப்ப வாயெடுத்தாள் தெக்கிலா. வேண்டாம் மதினி என்பதுபோல் கஸ்பார் தலையசைத்தான். பிறகு குனிந்து, வேறு எவனோ வைத்த பெயரைப் பிள்ளையின் காதில் மெல்லச் சொல்லிப் பார்த்தான்.

"ரியான்."